அத்தியாயம் 7: கல்வராயன் மலை – தண்ணீர், நெருப்பு, நார்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற பேருந்து, கோமுகி அணையைத் தாண்டியபின் ஏறத் தொடங்கும். சன்னலோரத்தில் இடம் கிடைத்தால் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு மரங்களைப் பாருங்கள். அடிவாரத்தில் உசில், காரை, சூரை என்று முள்ளும் புதருமாக இருக்கும். சுமார் 400 மீட்டர் உயரம் வரை இந்தப் புதர்க்காடுதான். அதற்குமேல் வேங்கை, வெக்காளி, கடுக்காய், நெல்லி என இலையுதிர் காடு தொடங்கிவிடும். எந்த வளைவில் மரம் மாறுகிறது, எந்தப் பள்ளத்தில் மட்டும் பச்சை அடர்ந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டே போனால், மலைமேலுள்ள கரியாலூரில் இறங்குமுன்பே இந்த மலையில் தண்ணீர் எங்கே தங்குகிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். இந்த அத்தியாயத்தின் முதல் பயிற்சி அதுதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே சின்ன கல்வராயன் சராசரியாக 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. கொடைக்கானல் அளவுக்குக் குளிர் கிடையாது, கூட்டமும் கிடையாது. காட்டில் இருந்து பழகிக்கொள்ள ஆசைப்படும் புதியவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வட தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காட்டுப் பழக்கம் என்றதும் யூடியூப் காணொளிகள் காட்டுவது பெரிய கத்தியையும், பச்சை மரத்தை வெட்டிக் கட்டிய குடிலையும்தான். அதை இங்கே செய்யாதீர்கள். இது யாருமில்லாத காடு இல்லை. தலைமுறை தலைமுறையாக மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்துவரும் மலை. நமக்குக் கற்றுத்தர வேண்டியதெல்லாம் அவர்கள் வீட்டு முற்றத்திலும் கொல்லை வரப்பிலும் இருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லாமே ஒரு குடும்பத்தின் அனுமதியோடு, அவர்கள் கொல்லையோரத்தில் செய்வது. காய்ந்து விழுந்ததும் அவர்கள் வளர்த்ததும் மட்டுமே நமக்குப் பொருள். ஒரு பச்சைக் கிளைகூட வெட்ட வேண்டிய தேவை வராது.

எங்கே, யாரோடு

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும், மரம் வெட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றத் தடங்கள் அறிவிக்கப்பட்டன. அந்த முதல் பட்டியலில் கள்ளக்குறிச்சி மாவட்டம் இல்லை. காட்டுக்குள் நடக்க வேண்டுமானால் வனச்சரக அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தர மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். பட்டா நிலத்தில் தங்கவும் பழகவும் அந்த நிலத்துக்காரர் சம்மதம் போதும். ஆனாலும் ஊர்க்கவுண்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

முன்பின் தெரியாத ஆள் வந்தால் ஊர் முதலில் சற்று ஒதுங்கி நின்று பார்க்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகும் வெளியிலிருந்து வந்தவர்களில் பலர் எதையாவது எடுத்துக்கொண்டு போகவே வந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலையில் காவல்துறைச் சோதனைகள் பெருகின. அதைத் தொடர்ந்துதான் இந்த மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. இத்தனைக்கும் நடுவே, கையில் கேமராவோடு ஓடையோரம் சுற்றும் அந்நியரைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்காவது ஓடைக்கரையில் பேரல்களில் சாராய ஊறல் கண்ணில் பட்டால் படம் எடுக்காமல், நிற்காமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கூட வரும் பெரியவருக்கோ அக்காவுக்கோ அன்றைய நாளின் கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார். தேன், நெல்லி, கடுக்காய், புளி எதுவும் "காட்டில் சும்மா கிடப்பது" கிடையாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல்மீது பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. கல்வராயன் கடுக்காய் அவர்களுடைய வருமானம். வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்குங்கள்.

எப்போது

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், ஊற்றுகளில் தண்ணீர் இருக்கும், இரவில் ஒரு கம்பளி வேண்டியிருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் ஓடைகள் சொல்லாமல் பெருகும். மேகம் அருவிக்குப் போகிறவர்கள் தலைக்குமேல் வெயிலடிப்பதை நம்பக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை அரைமணி கழித்து உங்கள் காலடிக்கு வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் பாறையிலிருந்து பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள்.

பிப்ரவரியிலிருந்து மே வரை நெருப்புப் பயிற்சியே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் இறந்தார்கள். இலையுதிர்ந்து, புல் காய்ந்து நிற்கும் மாதங்களில் எல்லா மலையும் அப்படித்தான். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். எப்போதாவது அப்படிச் சிக்கினால் மேலே ஏறி ஓடாதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போய்விடுங்கள்.

தண்ணீர்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் வேண்டும். ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதன் மேல்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கல்வராயனில் ஏறக்குறைய எல்லா ஓடைக்கும் மேலே ஒரு சிற்றூரோ, மாட்டுப்பட்டியோ, மரவள்ளிக் கொல்லையோ இருக்கும். மாட்டுச் சாணத்தால் வரும் கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிடலாம். கொல்லையில் அடித்த பூச்சிமருந்து கொதித்தாலும் போகாது. அதனால் ஊர்க்காரர்கள் தாங்கள் குடிக்க எடுக்கும் ஊற்றிலிருந்தே எடுங்கள். எந்த ஊற்று என்று குடத்தோடு போகிறவர்களைக் கேட்டால் போதும்.

கலங்கல் இருந்தால் தேற்றான்கொட்டை பழைய முறை. மண்பானையின் உட்புறம் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கொட்டையைச் சொரசொரப்பான பக்கத்தில் நன்றாக உரைத்து, கலங்கிய தண்ணீரை ஊற்றிக் கிளறி மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் மண் அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, அதன்பின் கொதிக்கவிடுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் இந்த உயரத்துக்குப் போதும். கொட்டை கலங்கலை மட்டுமே எடுக்கும், கிருமியைக் கொல்லாது என்பதை மறக்க வேண்டாம்.

நெருப்பு

தீப்பெட்டி எப்போதும் பையில் இருக்கட்டும், பிளாஸ்டிக் உறையில் சுற்றி. அதன்பிறகு மூங்கிலில் தீ கடையப் பழகலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டி மண் தெரியும்வரை ஒதுக்குங்கள். மேலே கிளை தாழ்ந்திருக்கக் கூடாது, மலைத்தேன் கூடு இருக்கக் கூடாது. புகை பட்டுக் கலைந்த மலைத்தேனீ கூட்டமாகத் துரத்தும். அப்படித் துரத்தினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுப்புக்கு மூன்று கல் வைக்கும்போது ஓடையிலிருந்து எடுத்த கல்லைத் தவிருங்கள். உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். பச்சை மூங்கிலையும் கணுவோடு நெருப்பில் போடக் கூடாது. அதுவும் வெடிக்கும். ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி மூங்கில். தானாகச் செத்து, நின்றபடியே காய்ந்து, தட்டினால் டணார் என்று ஒலிக்கும் மூங்கில் வேண்டும். நிலத்துக்காரர் வேலியிலேயே கிடைக்கும். ஒன்றரை அடி நீளத்தில் ஒரு துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். பிளந்த ஓரம் பிளேடுபோல் அறுக்கும், எனவே சாக்குத் துணியால் பிடியுங்கள். ஒரு பாதியின் ஓரத்தைக் கத்தியால் சீவிக் கூராக்குங்கள். அதுதான் அறுப்பது. மற்ற பாதியைக் கவிழ்த்து, அதன் முதுகில் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டுங்கள். உட்பக்கம் மெல்லிய கீறல்போலத் துவாரம் தெரியும்வரை வெட்டினால் போதும், அதற்குமேல் போனால் துண்டு முறியும்.

அடுத்து, மூங்கிலின் வெளித்தோலைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுரண்டினால் பஞ்சுபோன்ற சிராய் உதிரும். ஒரு கைப்பிடி சேர்த்து, பள்ளம் வெட்டிய துண்டின் உட்குழிவில், துவாரத்துக்கு நேராக வைத்து, ஒரு மெல்லிய தப்பையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கூரான துண்டைத் தரையிலும் வயிற்றிலுமாக ஊன்றி அசையாமல் நிறுத்தி, பள்ளத்தை அதன் கூர்மேல் வைத்து மேலும் கீழும் தேயுங்கள். முதலில் மெதுவாக, நீளமாக. பள்ளம் சூடேறியதும் உதிரும் தூள் பழுப்பாகும், பிறகு கறுக்கும். புகை கனத்து வரும்போது கை சோர்ந்திருக்கும். அந்தக் கடைசி முப்பது இழுப்பை அழுத்தியும் வேகமாகவும் இழுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நிறுத்திய பிறகும் புகை தொடர்ந்து வந்தால் உள்ளே கங்கு பிறந்துவிட்டது. அவசரப்பட்டு ஊதாதீர்கள். ஒரு நிமிடம் அதை அப்படியே விட்டால் தூளெல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அதைத் தேங்காய் நார்க் கூட்டில் கவிழ்த்து, கூட்டை மூடிப் பிடித்து, நீளமாக, மெல்ல ஊதுங்கள். இலவம்பஞ்சு பார்க்கப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் பட்டென்று எரிந்து முடிந்துவிடும். தேங்காய் நார் கங்கைத் தாங்கும்.

இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து இழுத்தால் எளிது. தனியாள் முதல் நாளே வெற்றி பெறுவது அரிது, அதனால் மனம் தளர வேண்டாம். மூங்கில் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை விரல் கற்றுக்கொள்வதற்குச் சில முயற்சிகள் ஆகத்தான் செய்யும்.

விறகுக்கு உசிலும் வெக்காளியும் நின்று எரியும். எருக்கு, அரளி, எட்டி, ஒடுவன் இவற்றின் குச்சிகள் நெருப்பிலும் சேரக் கூடாது, சுட்டுத் தின்னக் குத்தும் கம்பியாகவும் கூடாது. எது எந்த மரம் என்று தெரியாத சுள்ளியைக் கூட வந்தவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய், பிறகு சாம்பலிலேயே வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் இன்னும் அணையவில்லை.

நாரும் இலையும்

நெருப்பைவிட எனக்குப் பிடித்த பாடம் இது. குழந்தைகளையும் உட்காரவைக்கலாம். வாழைக் கொல்லையில் காய்ந்து தொங்கும் மட்டையை உரித்து எடுங்கள். சிறிது நேரம் தண்ணீரில் நனைத்து, விரல் நகத்தால் கீறி, சுண்டுவிரல் பாதி அகலத்துக்குக் கிழியுங்கள். ஒரு நாரை எடுத்து நடுவில் பிடிக்காமல், ஒரு பக்கம் சற்றே நீளமாக இருக்கும்படி மடியுங்கள். இப்போது கையில் இரண்டு புரி இருக்கும். மேல் புரியை உங்களுக்கு வெளிப்பக்கமாக இறுக முறுக்கி, அந்த முறுக்கு அவிழாமலே உட்பக்கமாகக் கொண்டுவந்து அடுத்த புரிக்குமேல் போடுங்கள். இப்போது மேலே வந்திருப்பது அடுத்த புரி. அதை வெளியே முறுக்கி, உள்ளே மடக்குங்கள். இவ்வளவுதான். புரி ஒரு பக்கம் முறுகவும் கயிறு எதிர்ப்பக்கம் முறுகவும், ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு புரி தீரப்போகும்போது அதன்மேல் புது நாரை நாலு விரல் அளவு சேர்த்து வைத்து முறுக்கிக்கொண்டே போகலாம். நடுவில் மடிக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீர்ந்தால் கயிறு அங்கே அறுந்துவிடும்.

ஊர்ப் பெரியவர்கள் இதைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டியே செய்துவிடுவார்கள். அந்தக் கையைப் பத்து நிமிடம் பார்த்தாலே பாதி வந்துவிடும். கத்தாழை நார் இதைவிட உறுதி. ஆனால் அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும், ஊறவைத்து அலசாமல் தொடாதீர்கள்.

சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவர வேண்டியதில்லை. பழுத்து உதிர்ந்தாலும் இன்னும் காயாத பலா இலைகளைப் பொறுக்கிக் கழுவி, கூம்பாக மடித்து ஈர்க்குச்சி குத்தினால் தொன்னை. கேழ்வரகுக் கூழ் அதில் ஒழுகாமல் நிற்கிறதா என்பதே தேர்வு. சாமைச் சோறோ கூழோ அந்த வீட்டிலேயே சமைத்துத் தரச் சொல்லி, உரிய காசு கொடுத்துச் சாப்பிடுங்கள்.

வாயில் வைக்கக் கூடாதவை

நெல்லி, நாவல், களா, சூரை, சீத்தாப்பழம் ஆகியவற்றை உடன் வருபவர் பறித்துத் தந்தால் தின்னலாம். நீங்களாக எதையும் பறிக்க வேண்டாம். கீழ்க்கண்டவற்றை முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். எட்டிப்பழம் ஆரஞ்சு நிறத்தில் குட்டி ஆரஞ்சு மாதிரியே இருக்கும், கொட்டையில் கொடிய நஞ்சு. செங்காந்தள் பூ நம் மாநில மலர், ஆனால் அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று நினைத்துத் தின்றவர்கள் பிழைப்பது கடினம். ஒடுவன் தழையில் இரண்டு கைப்பிடி ஓர் உயிரைப் போக்கிவிடும். குன்றிமணி, ஊமத்தை, காட்டாமணக்கு விதைகளைக் குழந்தைகள் கைக்குக் கொடுக்காதீர்கள். காளான் பக்கமே போக வேண்டாம். மலையெங்கும் விளையும் மரவள்ளியைக்கூடப் பச்சையாகக் கடிக்காமல், தோலுரித்து முழுக்க வேகவைத்தே தின்ன வேண்டும்.

இரவு

தங்குவதற்குக் கொல்லையில் இருக்கும் பரண் போதும். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க, நாலு கவைக் கம்பை நட்டு, குறுக்குக் கழி பரப்பி, மேலே புல் வேய்ந்து அவர்கள் கட்டுவது அது. அதன் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆணி இல்லாமல் எப்படி நிற்கிறது, கவை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சரிவுக்கு ஏற்ப எந்தக் கால் குட்டை என்று பார்த்தால் குடில் கட்டும் பாடம் முழுவதும் அதிலேயே கிடைக்கும். பரண் இல்லையென்றால் ஒரு தார்ப்பாயும் கயிறும் போதும். ஓடைப் படுகையிலும், பட்ட மரத்தின் கீழும் கட்டாதீர்கள்.

இருட்டிய பிறகு கொல்லை விட்டுக் கொல்லை நடக்கவே கூடாது. பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி வேலியில் மாட்டி ஆட்கள் சாவது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கிறது. பகலிலும் காட்டோரத்தில் உருண்டையாகச் சுற்றிய பொட்டலம் ஏதாவது கிடந்தால் காலால்கூடத் தொடாதீர்கள். அது பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயாக, அதாவது நாட்டு வெடியாக இருக்கலாம்.

சும்மா உட்காருதல்

விடிவதற்குச் சற்று முன், தங்கிய கொல்லையிலேயே ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து அரைமணி நேரம் அசையாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் காடு உங்களைப் பார்த்து மௌனமாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்: செம்போத்தின் அடித்தொண்டைக் குரல், குக்குறுவானின் விடாத தட்டல், சருகைப் புரட்டிக்கொண்டு வரும் தவிட்டுக்குருவிக் கூட்டம். அந்தக் கூட்டம் திடீரென்று ஓரிடத்தைச் சுற்றி நின்று கூச்சலிட்டால், அங்கே பாம்போ கீரியோ வல்லூறோ இருக்கிறது என்று பொருள். அணிலும் சேர்ந்து கத்தினால் உறுதி. இந்தக் கூச்சலைப் பிரித்தறியப் பழகியவர் கால் வைக்குமுன்பே எச்சரிக்கையாகிவிடுவார். மரப்பெயர் நூறு தெரிந்திருப்பதைவிட இந்தக் காது பெரிது என்றே சொல்வேன். தினமும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்தால் இன்னும் விரைவில் பழகும்.

பாம்பு, காய்ச்சல்

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் படத்திலாவது பார்த்துவிட்டு மலையேறுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கடிகாரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு கம்போடு சேர்த்து, இறுக்காமல், அசையாதபடி கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்து எடுத்துவர நேரம் போக்க வேண்டாம். மலையின் பல மடிப்புகளில் சிக்னல் கிடைக்காது. 108-ஐ அழைக்க எந்த மேட்டில் ஏற வேண்டும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, ஊரில் வண்டி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் வந்த அன்றே கேட்டு எழுதிவையுங்கள். கீழே கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வீடு திரும்பியதும் துணிகளை வெந்நீரில் துவைத்து, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் ஒருமுறை பாருங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்தால் ஸ்கிரப் டைபஸ் வரலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம், சிலருக்கு இருக்காது. மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், மலைக்குப் போய் வந்ததையும் புதரில் உட்கார்ந்ததையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணிந்துவிடும்.